நோயாளி எழுதிய கடைசிக் கடிதம்... ஹிட்லர் ஆட்கள் கொளுத்திய நூலகம்: யார் இந்த டாக்டர் மாக்னஸ் ஹிர்ஷ்ஃபெல்ட்?

நடுராத்திரி. சதுக்கம் நிறைய கூட்டம். சீருடை போட்ட இளைஞர்கள் கட்டுக்கட்டாகப் புத்தகங்களைத் தூக்கி நெருப்பில் வீசுகிறார்கள். இந்தக் கறுப்பு வெள்ளை வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீங்க. ஹிட்லரைப் பற்றி எந்த டாக்குமெண்டரி எடுத்தாலும் இந்தக் காட்சி வந்துவிடும். ஆனா, அந்த நெருப்பில் போன புத்தகங்களில் ஒரு பெரிய பங்கு எங்கிருந்து வந்தது தெரியுமா?

பெர்லினில் ஒரு டாக்டர் நடத்திய ஆய்வு நிறுவனத்தின் நூலகத்திலிருந்து. அந்த டாக்டரின் பெயர் மாக்னஸ் ஹிர்ஷ்ஃபெல்ட். தன்பாலீர்ப்பாளர்கள், திருநர்கள் ஆகியோரின் உடல்நலத்தையும் மனநலத்தையும் மருத்துவம் எப்படிப் பார்க்க வேண்டும் என்று உலகத்திலேயே முதன்முதலில் திட்டமிட்டு ஆராய்ந்தவர்களில் ஒருவர். இன்றைக்கு எல்ஜிபிடி இளைஞர்களுக்கான மனநல ஆலோசனை என்று நாம் பேசுகிற பல விஷயங்களை அவர் நூறு வருஷத்துக்கு முன்பே செய்து பார்த்துவிட்டார். சில விஷயங்களில் மோசமாகத் தவறியும் இருக்கிறார். இரண்டையும் பார்க்கலாம் வாங்க.

கோல்பெர்க் டாக்டர் வீட்டுப் பையன்

1868 மே 14. பால்டிக் கடற்கரையில் கோல்பெர்க் என்ற ஊர். அப்போது பிரஷ்யா, இப்போது போலந்து. அப்பா ஹெர்மன் ஹிர்ஷ்ஃபெல்ட் ஊரே மதித்த யூத டாக்டர். அவருக்கு ஊர்க்காரர்கள் நினைவுச் சின்னமே வைத்தார்கள். அப்படிப்பட்ட வீட்டில் பிறந்த மாக்னஸ் முதலில் மொழி படிக்கப் போனார். பிறகு மனசு மாறி மருத்துவம். 1892-ல் டாக்டர் பட்டம் வாங்கினார். அமெரிக்காவில் கொஞ்ச காலம் சுற்றிவிட்டு வந்து, மாக்டெபர்க் நகரத்தில் இயற்கை மருத்துவ முறையில் சிகிச்சை கொடுத்தார். 1896-ல் பெர்லினை ஒட்டிய ஷார்லட்டன்பர்க் பகுதிக்கு இடம் மாறினார்.

இதுவரைக்கும் சாதாரண டாக்டர் கதைதான். தடம் மாறியது ஒரு கடிதத்தால்.

அந்தக் கடிதத்தில் என்ன இருந்தது?

அவரிடம் சிகிச்சைக்கு வந்தவர்களில் ஓர் இளம் ராணுவ அதிகாரியும் இருந்தார். ஆண்கள் மேல்தான் ஈர்ப்பு. ஆனால் வீட்டில் கல்யாணத்துக்கு நாள் குறித்துவிட்டார்கள். யாரிடமும் சொல்ல முடியாது. சொன்னால் வேலை போகும், மானம் போகும், ஜெயில்கூட உண்டு. கல்யாணத்துக்கு முன்னதாகவே அவர் உயிரை மாய்த்துக்கொண்டார். போவதற்கு முன் டாக்டருக்கு ஒரு கடிதம் எழுதி வைத்திருந்தார். தன் கதையைச் சொல்லுங்கள், தன்னைப் போன்றவர்களுக்கு அதனால் ஒரு விடிவு வரட்டும் என்பதுதான் அதன் சாரம்.

ஹிர்ஷ்ஃபெல்டும் ஒரு தன்பாலீர்ப்பாளர்தான். அதை அவர் மேடை போட்டுச் சொன்னதில்லை. ஆகவே அந்தக் கடிதம் அவருக்கு வெறும் ஒரு நோயாளியின் கடிதமாக இருந்திருக்காது.

அதே 1896-ல் ஒரு சிறு நூல் எழுதினார். தலைப்பு சாஃபோவும் சாக்ரடீஸும். பெண்ணுக்குப் பெண் மேலும், ஆணுக்கு ஆண் மேலும் வரும் ஈர்ப்பு பிறவியிலேயே வருவது, அது குற்றமும் இல்லை, ஒழுக்கக்கேடும் இல்லை என்பது நூலின் வாதம். சொந்தப் பெயரில் வெளியிடவில்லை, ராமீன் என்ற புனைபெயர்தான் போட்டுக்கொண்டார். பயப்படக் காரணம் இருந்தது. முந்தைய வருஷம்தான் லண்டனில் எழுத்தாளர் ஆஸ்கர் வைல்டை இதே விஷயத்துக்காக ஜெயிலில் போட்டிருந்தார்கள்.

சட்டப்பிரிவு 175 அப்படின்னா என்ன?

ஜெர்மனி ஒரே நாடாக இணைந்த 1871-ல் வந்த குற்றவியல் சட்டத்தில் 175 என்று ஒரு பிரிவு. ஆணும் ஆணும் உறவு கொண்டால் சிறை. பெண்களைப் பற்றி அதில் பேச்சே இல்லை. நம்ம ஊரில் பிரிட்டிஷ்காரர்கள் கொண்டுவந்த 377 ஞாபகம் வருதா? கிட்டத்தட்ட அதே கதை.

சிறைக்குப் போனவர்களைவிட, சிறைக்குப் பயந்து பணம் கட்டியவர்கள்தான் அதிகம். போலீசில் சொல்லிவிடுவேன் என்று மிரட்டிப் பணம் பறிக்கிற கும்பல்கள் பெரிய நகரங்களில் தொழிலாகவே இதைச் செய்தன. மாசாமாசம் கப்பம் மாதிரி. கட்ட முடியாத நாள் வரும்போது என்ன நடக்கும் என்பதை ஹிர்ஷ்ஃபெல்ட் தன் கிளினிக்கில் திரும்பத் திரும்பப் பார்த்தார். வந்தவர்களில் பலர் உடம்பில் தற்கொலை முயற்சியின் தழும்பு இருந்தது.

இந்த இடத்தில்தான் அவர் ஒரு முக்கியமான கேள்வியைத் திருப்பிப் போட்டார். அதுவரை டாக்டர்கள் சொன்னது இதுதான்: இவர்களுக்கு நரம்பு பலவீனம், அதனால்தான் இப்படி ஆகிறார்கள், அதனால்தான் மனம் உடைகிறார்கள். ஹிர்ஷ்ஃபெல்ட் கேட்டது வேறு. ஈர்ப்பு ஆளைக் கொல்கிறதா, இல்லை அந்த ஈர்ப்பை ஒளித்து வைக்கச் சொல்லும் பயம் கொல்கிறதா? இன்றைக்கு உளவியலில் சிறுபான்மை மன அழுத்தம் என்று ஒரு பாடமே இருக்கிறது. ஒதுக்குதல், கேலி, ஒளிந்து வாழ்தல் ஆகியவைதான் எல்ஜிபிடி இளைஞர்களிடம் மனச்சோர்வைக் கூட்டுகின்றன என்பது அதன் அடிப்படை. அதை ஒரு பாடமாக யாரும் எழுதுவதற்கு வெகுகாலம் முன்பே இந்த டாக்டர் கிளினிக்கில் உட்கார்ந்து அந்த முடிவுக்கு வந்திருந்தார்.

முதல் சங்கம், முதல் மனு

1897 மே 15. தன் வீட்டில் சில நண்பர்களைக் கூட்டினார். லைப்ஸிக் பதிப்பாளர் மாக்ஸ் ஸ்போர், ரயில்வே அதிகாரி எட்வார்ட் ஓபெர்க், எழுத்தாளர் ஃபான் பியூலோ. இவர்கள் சேர்ந்து அறிவியல் மனிதநேயக் குழு என்று ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். தன்பாலீர்ப்பாளர் உரிமைக்காக உலகில் தொடங்கிய முதல் அமைப்பு என்று வரலாற்று ஆசிரியர்கள் இதைத்தான் சொல்கிறார்கள். அறிவியல் வழியே நீதி என்பதுதான் குழுவின் கொள்கை.

முதல் வேலை, 175-ஐ நீக்கச் சொல்லி நாடாளுமன்றத்துக்கு மனு. சமூக ஜனநாயகக் கட்சித் தலைவர் ஆகஸ்ட் பேபெல் கையெழுத்துப் போட்டதோடு, 1898-ல் நாடாளுமன்றத்திலேயே எழுந்து இதற்காகப் பேசினார். மனு தோற்றது. விடவில்லை, மறுபடி கொடுத்தார்கள். வருஷக்கணக்காகக் கையெழுத்து கூடிக்கொண்டே போனது. பிற்காலத்தில் ஐன்ஸ்டீன், தாமஸ் மன், ஹெர்மன் ஹெஸ்ஸே போன்றவர்களின் பெயர்களும் அதில் சேர்ந்தன.

மாணவர்களிடம் ஒரு கேள்வித்தாள்... கோர்ட்டில் ஒரு வழக்கு

இந்தக் கதையில் எனக்கு முக்கியமாகத் தோன்றும் கட்டம் இது.

இப்படிப்பட்டவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்? எல்லோரும் ஆளாளுக்கு ஒரு கணக்கு சொன்னார்கள். யாரிடமும் ஆதாரம் இல்லை. ஹிர்ஷ்ஃபெல்ட் நேராகக் கேட்டுவிடலாம் என்று முடிவு பண்ணினார். 1903 கடைசியில் ஷார்லட்டன்பர்க் தொழில்நுட்பக் கல்லூரி மாணவர்கள் சுமார் 3,000 பேருக்குத் தபாலில் கேள்வித்தாள் போனது. பெயர் எழுத வேண்டாம். உங்கள் ஈர்ப்பு ஆண் மேலா, பெண் மேலா, இரண்டு பேர் மேலுமா, குறித்து அனுப்புங்கள். அவ்வளவுதான். அடுத்து பெர்லின் உலோகத் தொழிலாளர்களிடமும் இதே மாதிரி ஒரு கணக்கெடுப்பு.

பெயர் இல்லாமல் கேட்பது, இளைஞர்களிடமே கேட்பது, கிளினிக்குக்கு வந்தவர்களை மட்டும் வைத்து முடிவு கட்டாமல் வெளியே இருப்பவர்களிடம் போவது. இன்று இளைஞர் நல ஆய்வுகள் எல்லாம் இப்படித்தான் நடக்கின்றன. அன்றைக்கு இது யாரும் கேள்விப்படாத வேலை. பதில் அனுப்பிய மாணவர்களில் பெரும்பாலோர் எதிர்பாலினத்தின் மேல்தான் ஈர்ப்பு என்றார்கள். நூற்றுக்கு ஒரு சிலர் அப்படி இல்லை என்று குறித்திருந்தார்கள். சின்ன எண்தான். ஆனால் ஒரு நாட்டின் ஜனத்தொகைக்கு அதைப் பெருக்கிப் பாருங்கள், லட்சக்கணக்கில் வரும். எங்கோ ஒரு மூலையில் நாலு பேர் என்று சொல்லித் தட்டிக்கழிக்க இனி முடியாது.

பிரச்சினை இங்கேதான் வெடித்தது. ஒரு பாதிரியாரின் தூண்டுதலில் சில மாணவர்கள் வழக்குப் போட்டார்கள். இப்படி ஒரு கேள்வியைக் கேட்டதே எங்களுக்கு அவமானம் என்றார்கள். 1904-ல் கோர்ட் ஹிர்ஷ்ஃபெல்டுக்கு 200 மார்க் அபராதம் போட்டது.

அந்த விசாரணையில் அவர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும் விதமாகப் பேசவில்லை. அதே கல்லூரியில் படித்த ஒரு தன்பாலீர்ப்பு மாணவர் அதே வாரம்தான் உயிரை விட்டிருந்தார். அதை நீதிபதி முன்னால் சொன்னார். ஒரு கேள்வித்தாள் அவமானம் என்று வழக்கு வருகிறது, ஒரு மாணவன் செத்துப்போனது யார் காதிலும் விழவில்லை. கோர்ட் தீர்ப்பை மாற்றவில்லை.

சிகிச்சை என்ன கொடுத்தார்?

அந்தக் காலத்தில் இப்படி ஒரு பையனைப் பெற்றோர் டாக்டரிடம் கூட்டிப்போனால் என்ன நடக்கும்? ஹிப்னாடிசம் செய்வார்கள். விலைமாதர் இல்லத்துக்கு அனுப்பச் சொல்வார்கள். கல்யாணம் பண்ணி வையுங்க, எல்லாம் சரியாகிவிடும் என்பார்கள். கடைசி மருந்து நம்ம ஊரிலும் இன்னும் புழக்கத்தில் இருக்கிறது, அதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

ஹிர்ஷ்ஃபெல்ட் கொடுத்த சிகிச்சைக்கு ஏற்பு சிகிச்சை என்று பொருள் வரும்படி ஒரு பெயர் வைத்தார். மாற்ற முயற்சி பண்ணாதே, ஏற்றுக்கொள்ள உதவு. இதுதான் அதன் அடிப்படை. முதலில் வந்தவரை முழுசாகப் பேச விடுவார். நீ நோயாளி இல்லை, குற்றவாளியும் இல்லை என்று தெளிவாகச் சொல்வார். கல்யாணத்துக்கு வற்புறுத்த மாட்டார், மருந்து என்ற பெயரில் கல்யாணம் செய்வது இரண்டு பேர் வாழ்க்கையைக் கெடுக்கும் என்றார். பிறகு அவரைப் போலவே இருக்கும் மற்றவர்களை அறிமுகப்படுத்துவார். படிக்கப் புத்தகம், ஈடுபட ஒரு வேலை, பழக ஒரு வட்டம். தான் மட்டும்தான் இப்படி என்று நினைத்துக்கொண்டிருந்த ஓர் இளைஞருக்கு அந்த ஒரு சந்திப்பே பாதி மருந்து.

இது எல்லாமே சாதாரணமாகத் தெரியலாம். இத்தனைக்கும் இந்தியாவில் தேசிய மருத்துவ ஆணையம், பாலின ஈர்ப்பை மாற்றுகிறேன் என்று சிகிச்சை கொடுப்பது மருத்துவ ஒழுங்கீனம் என்று அறிவித்தது 2022-ல்தான். அதற்குக் காரணம் அதற்கு முந்தைய வருஷம் சென்னை உயர் நீதிமன்றம் போட்ட உத்தரவு. அதாவது ஹிர்ஷ்ஃபெல்ட் காலத்துக்கும் அந்த அறிவிப்புக்கும் இடையே கிட்டத்தட்ட ஒரு நூற்றாண்டு.

திருநர்களுக்கு போலீஸ் பாஸ்

பிறப்பில் ஆண் என்று பதிவானவர் பெண் உடையில் தெருவில் நடந்தால் அன்றைய பெர்லினில் பொது அமைதிக்குக் குந்தகம் என்று போலீஸ் பிடித்துக்கொண்டு போகலாம். ஹிர்ஷ்ஃபெல்ட் 1910-ல் இதைப் பற்றித் தனியாக ஒரு பெரிய நூல் எழுதினார். உடை விஷயமும் பாலின உணர்வும் வேறு, யார் மேல் ஈர்ப்பு என்பது வேறு என்று பிரித்துக் காட்டியது இந்த நூல்தான்.

எழுதியதோடு நிற்கவில்லை. பெர்லின் போலீசோடு பேசி ஒரு வழி கண்டுபிடித்தார். டாக்டர் சான்று கொடுப்பார், அதை வைத்து போலீஸ் ஒரு அட்டை கொடுக்கும். இவர் இந்த உடையில்தான் இருப்பார், தெரிந்த விஷயம்தான், தொந்தரவு பண்ண வேண்டாம் என்பதற்கான அட்டை. சட்டம் மாறவில்லை, ஆனால் பாக்கெட்டில் ஒரு அட்டை இருந்தது. வேலைக்குப் போக, வீடு வாடகைக்கு எடுக்க அது போதும்.

சறுக்கிய இடங்கள்

ஹிர்ஷ்ஃபெல்டைப் பற்றி எழுதும் சிலர் இதையெல்லாம் விட்டுவிடுகிறார்கள். விடக்கூடாது.

1907-ல் ஜெர்மனியை உலுக்கிய ஒரு வழக்கு நடந்தது. பேரரசரின் நெருங்கிய வட்டத்தில் இருந்த ஜெனரல் குனோ ஃபான் மோல்ட்கேவைத் தன்பாலீர்ப்பாளர் என்று மாக்சிமிலியன் ஹார்டன் என்ற பத்திரிகை ஆசிரியர் எழுத, மோல்ட்கே மானநஷ்ட வழக்குப் போட்டார். நிபுணர் சாட்சியாகக் கூண்டேறிய ஹிர்ஷ்ஃபெல்ட், ஆமாம், இவர் அப்படித்தான் என்று சொல்லிவிட்டார். பெரிய மனிதர்களிலும் இருக்கிறார்கள் என்று காட்டினால் சட்டம் மாறும் என்று நினைத்திருக்கலாம். ஆனால் ஒளிந்து வாழ வேண்டியவர்களின் ரகசியத்தைக் காப்பதுதானே அவர் வேலை? ஒருவரின் சம்மதம் இல்லாமல் ஊர் முன்னால் அதைச் சொல்ல அவருக்கு உரிமை இல்லை. மறுவிசாரணையில் தன் கருத்தைப் பின்வாங்கிக்கொண்டார். அதற்குள் சேதம் முடிந்திருந்தது. குழுவுக்கு நிதி கொடுத்தவர்கள் விலகினார்கள். யூத வெறுப்புப் பத்திரிகைகளுக்கு அவர் ஒரு நிரந்தர இலக்காகிவிட்டார்.

இன்னொன்று இதைவிட மோசம். வியன்னாவைச் சேர்ந்த ஓய்கன் ஸ்டைனாக் என்ற விஞ்ஞானி, விதைப்பையில் இருக்கிறது ரகசியம், அதை மாற்றினால் ஈர்ப்பு மாறும் என்றார். முதல் உலகப்போர் முடிந்த சமயத்தில் இந்த அறுவை சிகிச்சையை ஹிர்ஷ்ஃபெல்ட் நம்பினார், சிலரை அனுப்பியும் வைத்தார். எல்லாம் பிறவி, எல்லாம் உயிரியல் என்ற தன் வாதத்துக்கு இது ஆதாரம் என்று நினைத்துவிட்டார். பலன் எதுவும் இல்லை, பிறகு கைவிட்டார். மாற்ற முயற்சிக்காதே என்று சொன்னவரே மாற்றும் கத்திக்கு ஆள் அனுப்பியிருக்கிறார். அந்தக் காலத்துப் பல டாக்டர்களைப் போல இனமேம்பாட்டுக் கொள்கையிலும் அவருக்கு நம்பிக்கை இருந்தது. அந்தக் கொள்கையை நாஜிக்கள் எங்கே கொண்டுபோய் நிறுத்தினார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும்.

வயலின் கலைஞர் வீட்டில் ஓர் ஆஸ்பத்திரி

1919 ஜூலை 6. பெர்லின் டியர்கார்ட்டன் பகுதியில், முன்பு புகழ்பெற்ற வயலின் கலைஞர் யோசஃப் யோவாக்கிம் வாழ்ந்த மாளிகையை வாங்கி, பாலியல் அறிவியல் நிறுவனத்தைத் திறந்தார். ஆராய்ச்சி, கிளினிக், நூலகம், அருங்காட்சியகம் எல்லாம் ஒரே கூரையின் கீழ்.

இங்கே வந்தவர்கள் தன்பாலீர்ப்பாளர்கள் மட்டும் இல்லை. கல்யாணம் ஆகப்போகிற ஜோடி, குழந்தை இல்லாதவர்கள், குழந்தை போதும் என்று நினைத்தவர்கள், பால்வினை நோய் வந்தவர்கள் என்று கூட்டம். ஏழைகளுக்கு இலவசம். கேள்விகளை எழுதிப் பெட்டியில் போட்டுவிட்டுப் போகலாம், பெயர் வேண்டாம். பொதுக்கூட்டத்தில் டாக்டர்கள் அதைப் படித்துப் பதில் சொல்வார்கள். வெட்கப்படாமல் கேட்பதற்கு இதைவிடச் சுலபமான வழி இருக்கிறதா?

அதே வருஷம் இயக்குநர் ரிச்சர்ட் ஓஸ்வால்டோடு சேர்ந்து ஒரு சினிமாவும் எடுத்தார். மற்றவர்களிலிருந்து வேறுபட்டவர்கள் என்பது தலைப்பின் பொருள். ஹீரோ கான்ராட் ஃபைட், அப்போதே பெரிய நடிகர். ஒரு வயலின் கலைஞர், அவரிடம் பாடம் கற்க வரும் இளைஞன், நடுவில் மிரட்டிப் பணம் பறிக்கும் ஒருவன். கடைசியில் கலைஞர் உயிரை விடுகிறார். டாக்டர் வேடத்தில் ஹிர்ஷ்ஃபெல்டே நடித்தார். மனம் உடைந்த அந்த இளைஞனிடம், நீ உயிரோடு இருந்து இந்தச் சட்டத்தை மாற்ற வேலை செய் என்கிற மாதிரி ஒரு காட்சி. தியேட்டர்களில் ரகளை. 1920-ல் தணிக்கை திரும்ப வந்ததும் படத்துக்குத் தடை. இன்று சில பகுதிகள்தான் மிச்சம்.

நிறுவனத்தில் வீட்டு வேலை பார்த்தவர்களில் டோரா ரிஹ்டர் என்ற திருநங்கையும் ஒருவர். வெளியே திருநர்களுக்கு வேலை கிடைக்காது என்பதால் நிறுவனமே வேலை கொடுத்தது. 1922-ல் டோராவுக்கு முதல் அறுவை சிகிச்சை. 1931-ல் பாலின உறுதிப்பாட்டு அறுவை சிகிச்சை முழுமை அடைந்தது. இப்படி முழுமையான சிகிச்சை பெற்றதாகத் தெரியவரும் முதல் சிலரில் அவரும் ஒருவர். டென்மார்க் ஓவியர் லிலி எல்பேவும் 1930-ல் முதல் சிகிச்சைக்கு பெர்லினுக்குத்தான் வந்தார்.

தன் இரங்கல் செய்தியைத் தானே படித்தவர்

1920 அக்டோபரில் மியூனிக் நகரத்துக்குப் பேசப் போனார். கூட்டம் முடிந்து வரும்போது வலதுசாரி ரவுடிகள் அடித்துப் போட்டார்கள். செத்துவிட்டார் என்றே பத்திரிகைகளில் செய்தி வந்தது. ஆஸ்பத்திரிப் படுக்கையில் அவரே அதைப் படித்தார். பிழைத்து எழுந்து மறுபடி வேலைக்குப் போனார்.

1929 அக்டோபரில் ஒரு பெரிய வெற்றி கைக்கெட்டும் தூரத்தில் வந்தது. நாடாளுமன்றக் குழு ஒன்று 175-ஐ நீக்கலாம் என்று வாக்களித்தது. 15-க்கு 13. ஆனால் அது முழு அவைக்கு வந்து சட்டமாகவில்லை. பொருளாதாரம் சரிந்தது, நாஜிக்கள் வளர்ந்தார்கள், விஷயம் அப்படியே கிடப்பில் போனது. குழுவுக்குள்ளும் சண்டை. அந்த வருஷமே அவர் தலைமைப் பொறுப்பிலிருந்து விலகினார்.

இலங்கை, இந்தியா... நேரு வீட்டு விருந்தாளி

1930 நவம்பரில் சொற்பொழிவுப் பயணமாக அமெரிக்கா கிளம்பினார். அது உலகப் பயணமாக நீண்டது. அங்கே பத்திரிகைகள் அவரைப் பாலியல் அறிவியலின் ஐன்ஸ்டீன் என்ற அளவுக்குத் தூக்கி வைத்தன. ஜப்பான், சீனா, பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா. ஷாங்காயில் லீ ஷியு டோங் என்ற மருத்துவ மாணவர் அறிமுகமானார். இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த அவர் அங்கிருந்து உதவியாளராகவும் துணைவராகவும் கடைசி வரை கூட வந்தார்.

1931-ல் இலங்கை வந்து, அங்கிருந்து இந்தியா. அலகாபாத்தில் நேரு குடும்பத்தின் ஆனந்த பவனத்தில் விருந்தாளியாகத் தங்கினார். இந்தியர்களின் பாலியல் பழக்கங்களைக் கேவலமாகச் சித்திரித்து அமெரிக்காவின் காதரீன் மேயோ எழுதிய புத்தகம் அப்போது உலகம் முழுக்கப் பிரபலம். ஹிர்ஷ்ஃபெல்ட் தன் பயண நூலில் அதை மறுத்து எழுதினார், இந்திய விடுதலைக்கும் ஆதரவாக நின்றார். இந்தியாவில் அவருக்கு மலேரியாவும் வந்தது. அது பின்னால் வேறு விதத்தில் கதைக்குள் வரும்.

1932-ல் ஐரோப்பா திரும்பினார். நண்பர்கள் எச்சரித்தார்கள், ஜெர்மனிக்கு வராதீர்கள். அவர் அதற்குப் பிறகு ஜெர்மனி மண்ணை மிதிக்கவே இல்லை.

அந்த மே மாதம்

1933 ஜனவரியில் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். மே 6 காலை, லாரிகளில் வந்து இறங்கியவர்கள் போலீஸ் இல்லை, ராணுவம் இல்லை. உடற்கல்விக் கல்லூரி மாணவர்கள். கூடவே பேண்டு வாத்தியம். கதவை உடைத்து உள்ளே புகுந்து கையில் கிடைத்ததை எல்லாம் அள்ளினார்கள். மதியத்துக்கு மேல் எஸ்.ஏ. படை வந்து மிச்சத்தை லாரியில் ஏற்றியது. டாக்டர் எங்கே என்று கேட்டவர்களிடம், மலேரியாவில் வெளிநாட்டில் படுத்திருக்கிறார் என்றே ஊழியர்கள் சொன்னார்கள்.

மே 10 இரவு ஓபரா சதுக்கத்தில் தீ. எரிந்தவற்றில் இந்த நூலகத்தின் புத்தகங்கள் மட்டும் பன்னிரண்டாயிரத்திலிருந்து இருபதாயிரம் வரை இருக்கலாம் என்கிறார்கள். ஹிர்ஷ்ஃபெல்டின் மார்பளவுச் சிலையைக் கம்பில் குத்தி ஊர்வலமாகத் தூக்கி வந்தார்கள். முப்பது வருஷத்துக்கு முன்னால் அவர் பெயர் கேட்காமல் கேள்வித்தாள் அனுப்பியது இதே பெர்லின் மாணவர்களுக்குத்தான். அவர்களின் அடுத்த தலைமுறை தீ வைத்தது.

பாரிஸில் ஒரு தியேட்டரில் செய்திப்படம் ஓடியபோது, தன் நூலகம் எரிவதை அவர் திரையில் பார்த்தார். பாரிஸில் மறுபடி ஒரு நிறுவனம் தொடங்க முயற்சி செய்தார், சரிவரவில்லை. தெற்கே நீஸ் நகரத்துக்குப் போனார். 1935 மே 14, அவருடைய 67-வது பிறந்தநாள். அன்றைக்கே பக்கவாதத்தில் இறந்தார். கல்லறை நீஸில்தான் இருக்கிறது.

பிறகு என்ன ஆச்சு?

அவர் இறந்த அடுத்த மாதமே நாஜிக்கள் 175-ஐ இன்னும் கடுமையாக்கினார்கள். நாஜி ஆட்சியில் சுமார் 50,000 ஆண்களுக்கு இந்தப் பிரிவில் தண்டனை. 5,000 முதல் 15,000 பேர் வரை வதை முகாம்களுக்குப் போனார்கள், சட்டையில் இளஞ்சிவப்பு முக்கோணத்தோடு. போர் முடிந்ததும் மற்றக் கைதிகள் வெளியே வந்தார்கள். இவர்களில் சிலரைத் தண்டனைக் காலம் பாக்கி என்று மறுபடி ஜெயிலுக்கே அனுப்பினார்கள். நாஜிக்கள் திருத்திய அதே வடிவில் மேற்கு ஜெர்மனி அந்தச் சட்டத்தை 1969 வரை வைத்திருந்தது. முழுசாக நீக்கியது 1994-ல். பழைய தண்டனைகளை ரத்து செய்தது 2017-ல். இதற்கிடையே 2011-ல் ஜெர்மனி அரசே ஹிர்ஷ்ஃபெல்ட் பெயரில் ஓர் அறக்கட்டளையைத் தொடங்கியது.

நிறுவனத்தின் ஆவணங்களைப் பார்த்துக்கொண்ட, பல ஆண்டுகள் ஹிர்ஷ்ஃபெல்டின் துணைவராக இருந்த கார்ல் கீஸே 1938-ல் செக்கோஸ்லோவாக்கியாவில் உயிரை மாய்த்துக்கொண்டார். டோரா ரிஹ்டர் 1933 தாக்குதலில் இறந்திருப்பார் என்றுதான் வெகுகாலம் எழுதி வந்தார்கள். ஆனால் சமீப வருஷங்களில் கிடைத்த பதிவுகள் வேறு சொல்கின்றன. அவர் தப்பித்து, போருக்குப் பின்னும் வாழ்ந்து, 1966-ல்தான் ஜெர்மனியில் இறந்திருக்கிறார்.

லீ ஷியு டோங் நாடு நாடாக அலைந்து கடைசியில் கனடாவின் வான்கூவரில் குடியேறினார். போன இடத்துக்கெல்லாம் ஹிர்ஷ்ஃபெல்டின் காகிதங்களைச் சுமந்துகொண்டே போனார். 1993-ல் அவர் இறந்ததும் ஒரு பழைய சூட்கேஸ் அடுக்குமாடிக் குப்பையில் போய் விழுந்தது. அங்கே குடியிருந்த ஒருவர், ஏதோ முக்கியமானது மாதிரி இருக்கே என்று எடுத்து வைத்துக்கொண்டார். பத்து வருஷம் கழித்து ஆய்வாளர்கள் தேடிக் கண்டுபிடித்தபோது, உள்ளே ஹிர்ஷ்ஃபெல்டின் குறிப்புகளும், அவர் இறந்ததும் முகத்தில் எடுத்த அச்சும், லீ தன் ஆய்வுக்காக எழுதி வைத்து வெளியிடாமலே போன காகிதங்களும் இருந்தன. அந்த சூட்கேஸ் இப்போது பெர்லினில் இருக்கிறது.

(மன அழுத்தமோ தற்கொலை எண்ணமோ இருந்தால் தயங்காமல் பேசுங்கள். தமிழக அரசின் மருத்துவ உதவி எண்: 104. மத்திய அரசின் டெலி மானஸ்: 14416. சிநேகா தற்கொலைத் தடுப்பு மையம்: 044-24640050)